உவேனோவில் இறங்கிப் பாருங்கள், தம்பி

தம்பி, டோக்கியோவுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, ஓமியாவில் அறை, தினமும் உவேனோவில் ரயில் மாறி வேலைக்குப் போகிறேன், இத்தனை ஜனத்துக்கு நடுவே தமிழில் நாலு வார்த்தை பேச ஆளில்லை, இந்த ஊர் எப்போதாவது பழகுமா என்று கேட்டிருந்தீர்கள். இங்கே பதினெட்டு வருடம் கழித்தவன் சொல்கிறேன்: பழகும். ஆனால் விடுமுறை நாள் முழுக்க அறைக்குள்ளேயே கிடந்தால் பழகாது. நீங்கள் தினமும் ஓட்டமாகக் கடந்து போகிற அந்த நிலையத்திலிருந்தே தொடங்குங்கள். ஊரை விட்டு வந்தவர்களின் மனசு உவேனோவுக்குத் தெரிந்த அளவு டோக்கியோவில் வேறெந்த இடத்துக்கும் தெரியாது.

முதலில் வழி தவறும் பயம் போக வேண்டும். நிலையம் குன்றுச் சரிவை ஒட்டி நிற்கிறது. பூங்கா வாசல் மேல்மட்டத்தில் இருக்கிறது, மைய வாசல் கீழே தரையில். 1 முதல் 12 வரை நடைமேடைகள் மேலே, 13 முதல் 17 வரை தரைமட்டத்தில், ஷின்கான்சென் என்கிற அதிவேக ரயிலின் நடைமேடைகள் பூமிக்கடியில் நான்காம் தளத்தில். நகரைச் சுற்றி ஓடும் யாமனோதே வண்டிக்கு 2, 3. எந்த வாசல் என்பதை முடிவு செய்துகொண்ட பிறகே நடக்கத் தொடங்குங்கள். என் முதல் குளிர்காலத்தில் நண்பர் ஒருவரிடம் "ஸ்டேஷன் வாசலில் நிற்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் பூங்கா வாசலிலும் நான் மைய வாசலிலுமாக முக்கால் மணி நேரம் விறைத்துப்போய் நின்றோம்.

இனி அதன் கதை. 1883 ஜூலையில் நிப்பான் ரயில்வே என்ற தனியார் நிறுவனம் உவேனோவிலிருந்து குமகாயாவுக்கு வண்டி விட்டது. பாதை வடக்கே நீண்டு 1891இல் ஆவோமோரியைத் தொட்டது. அன்றிலிருந்து வடக்கத்திய ஜனங்களுக்கு டோக்கியோவின் வாசல் என்றால் உவேனோதான். 1923 நிலநடுக்கத்தை ஒட்டிப் பரவிய தீயில் பழைய கட்டிடம் எரிந்துபோனது. இப்போது நீங்கள் பார்ப்பது 1932இல் கட்டியது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது, சுரங்க ரயிலுக்குப் போகும் நிலத்தடிப் பாதையில் வீடிழந்தவர்களும் பெற்றோரை இழந்த பிள்ளைகளும் படுத்துக் கிடந்தார்கள். பட்டினியால் அங்கேயே உயிர்விட்டவர்கள் பலர். கின்ஸா சுரங்க ரயிலைப் பிடிக்க அந்தப் பக்கம் இறங்கும்போது எனக்கு இன்றும் நடை தளரும்.

உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தது அதற்கு அடுத்து நடந்ததை. 1954இல் ஆவோமோரியிலிருந்து ஒரு தனி ரயில் வந்தது. உள்ளே இருந்தவர்கள் நடுநிலைப் பள்ளி முடித்த, பதினைந்து வயதுப் பிள்ளைகள். டோக்கியோவின் பட்டறைகளிலும் கடைகளிலும் வேலைக்கு ஆள் போதவில்லை. வடக்கின் கிராமங்களில் மூத்த மகனுக்கு நிலம் போனால் மற்றவர்களுக்குப் பிழைப்பு இல்லை. அதனால் வசந்தம்தோறும் இப்படிப்பட்ட ரயில்கள் வந்தன. பள்ளிச் சீருடையோடு, ஒரு பையோடு, கொடி பிடித்தவரின் பின்னால் வரிசையாக இறங்குவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு "பொன் முட்டைகள்" என்று பெயர். 1975 வரை இது ஓடியது. வந்தவர்கள் வாயைத் திறந்தால் வடக்கத்தியப் பேச்சு, டோக்கியோக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிப்புக்குப் பயந்து பேசாமலே இருந்த பிள்ளைகள் உண்டு. நீங்கள் அலுவலகத்தில் ஜப்பானிய மொழி பேசத் தயங்குவதாக எழுதியதைப் படித்ததும் எனக்கு அவர்கள் நினைவுதான் வந்தது.

13ஆம் நடைமேடை வரிசையில் இறங்கி நடந்து பாருங்கள். எதிரே தண்டவாளம் தடுப்புக் கட்டையில் முட்டி முடிகிறது, சென்னை சென்ட்ரலைப் போல. 15ஆம் நடைமேடையின் முனையில் ஒரு சிறிய கவிதைக் கல் இருக்கிறது. ஜனங்கள் அதைக் கவனிக்காமல் போய்க்கொண்டே இருப்பார்கள். இவாதே மாகாணத்திலிருந்து டோக்கியோ வந்து, 1912இல் இருபத்தாறு வயதிலேயே இறந்துபோன இஷிகாவா தகுபோகுவின் வரிகள் அவை. ஊர்ப் பேச்சுக்கு ஏங்குகிறேன், அதைக் காதால் கேட்பதற்கென்றே நிலையத்துக் கூட்டத்துக்குள் போகிறேன் என்பது அதன் பொருள். கவிதையில் நிலையத்தின் பெயர் இல்லை. ஆனாலும் அது உவேனோதான் என்று இங்கே எல்லோரும் கொள்கிறார்கள். ஒரு சக ஊழியர் விரலால் தொட்டுத் தொட்டு எனக்கு அதைப் படித்துக் காட்டினார். அவரும் இவாதேக்காரர். எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் வந்து நின்றதும் "ஏலே, இங்கன வா" என்று காதில் விழுமே, அந்தச் சத்தம் அன்று எனக்குக் கேட்டது. கண் கலங்கிவிட்டது. அவர் பார்க்காததுபோல நின்றார்.

இப்போது உவேனோ கடைசி நிலையம் இல்லை. 1985இல் இங்கே வந்த ஷின்கான்சென் 1991இல் டோக்கியோ நிலையம் வரை போய்விட்டது. 2015 மார்ச்சில் உங்கள் ஓமியாப் பாதை வண்டிகளும் இங்கே முடிந்துவிடாமல் தெற்கே தொடர ஆரம்பித்தன. வசதிதான். ஆனால் எல்லோரும் இறங்கியே ஆகவேண்டிய நிலையமாக அது இருந்த காலம் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்கினால், ஷினோபாசு வாசலில் இறங்கி அமேயோகோ கடைச் சந்துக்குப் போங்கள். அமேயோகோ சென்டர் கட்டிடத்தின் அடித்தளத்தில் கொத்தமல்லித் தழையும் தேங்காய்ப் பாலும் கிடைக்கும். அடுத்த நிலையமான ஒகாச்சிமாச்சியில் இந்திய நகை வியாபாரிகள் பலர் இருக்கிறார்கள், நடக்கும் தூரம்தான்.

வருகிற ஞாயிறு பத்து மணிக்கு வாருங்கள், நானே கூட்டிக்கொண்டு போகிறேன். டிக்கெட் தடுப்புகளுக்கு மேலே, 1951இல் இனோகுமா கென்இசிரோ தீட்டிய பெரிய சுவரோவியம் இருக்கிறது. பெயர் "சுதந்திரம்". அதன் கீழே நிற்பேன். மைய வாசல், தம்பி. பூங்கா வாசல் அல்ல.