கேம் கன்சோல்களான பிஎஸ்5-க்கும் (பிளேஸ்டேஷன் 5) எக்ஸ்பாக்ஸுக்கும் ஏற்ற டிவி: கேள்வி பதில்

கேள்வி: டிவி பெட்டியில் ‘எச்டிஎம்ஐ 2.1’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். பிஎஸ்5-க்கு இது போதும் என்று கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: அந்த அச்சை மட்டும் நம்பி வாங்காதீர்கள். எச்டிஎம்ஐ என்பது கன்சோலையும் டிவியையும் இணைக்கும் முறை; அதன் 2.1 தரத்தில் சொல்லப்படும் 4கே 120 ஹெர்ட்ஸ் (4கே படம் விநாடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படுவது), விஆர்ஆர் (ஆட்டத்தின் வேகத்துக்கேற்பத் திரையின் வேகமும் மாறுவது), ஏஎல்எல்எம் ஆகியவற்றில் எதுவும் கட்டாயமில்லை. கன்சோல் இயங்கியதும் டிவி தானாகவே கேம் மோடுக்கு மாறும் ஏஎல்எல்எம் வசதியை மட்டும் கொடுத்துவிட்டு, 60 ஹெர்ட்ஸ் டிவியின் மேல் அந்த எண்ணைப் போட விதிகள் இடம் தருகின்றன. ஆகவே எண்ணைக் கேட்காமல் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: பேனல் முழு 4கே தெளிவில் 120 ஹெர்ட்ஸில் இயங்குமா, விஆர்ஆர் உண்டா, இவை எந்தெந்த போர்ட்டில் கிடைக்கும்?

கேள்வி: விலை குறைந்த ஒரு டிவியில் ‘டிஎல்ஜி 120 ஹெர்ட்ஸ்’ என்றும், இன்னொன்றில் ‘மோஷன் ரேட் 120’ என்றும் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. டிஎல்ஜி என்பது 60 ஹெர்ட்ஸ் பேனலில் செங்குத்துத் தெளிவைப் பாதியாக்கி 120-ஐ எட்டும் உத்தி. அதனால் வேகம் உண்மையாகவே கூடும், ஆனால் படத்தின் கூர்மை குறையும். மோஷன் ரேட் போன்ற பெயர்கள் பெரும்பாலும் விளம்பர எண்களே. இரண்டுமே உண்மையான 4கே 120 ஹெர்ட்ஸ் பேனல் ஆகா.

கேள்வி: பிஎஸ்5-இல் விநாடிக்கு 120 பிரேமில், அதாவது 120 படங்களாக, ஓடும் ஆட்டங்கள் மிகக் குறைவு. பிறகு 120 ஹெர்ட்ஸுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் இல்லையா?

பதில்: இந்த வாதம் அடிக்கடி வருவதால் விரிவாகவே சொல்கிறேன். 120 ஹெர்ட்ஸ் பேனலின் பெரிய பயன் 120 பிரேமில் இல்லை, 40 பிரேமில் இருக்கிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் பிரேம்கள் சீரான இடைவெளியில் வர வேண்டுமென்றால் 60 அல்லது 30 என்ற இரண்டு வேகங்களே நடைமுறையில் உண்டு; 40 அதற்குள் சமமாக வகுபடாது. 120-ஐ 40 சரியாக வகுக்கும் என்பதால் ஒவ்வொரு பிரேமும் மூன்று சுழற்சிகள் நின்று சீராக நகரும். 30 பிரேமில் ஒரு பிரேம் 33.3 மில்லி செகண்ட் நிற்கிறது, 60-இல் 16.7 மில்லி செகண்ட். 40-இல் அது 25 மில்லி செகண்ட், அதாவது நேரக் கணக்கில் இரண்டுக்கும் நட்ட நடுவே. அதனால்தான் உயர் தெளிவையும் ரே டிரேசிங்கையும் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் வரையும் முறை) விட்டுக்கொடுக்காமல் ஆட்டம் கையில் இலகுவாகிறது. 2021-இல் ‘ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்’ இந்த முறையைக் கொடுத்த பிறகு வேறு பல ஆட்டங்களும் அதைப் பின்பற்றின.

அதே வாசகர்: ஆனாலும் 60 பிரேம் முறை இருக்கும்போது 40 எதற்கு? விஆர்ஆர் இருந்தால் போதுமே.

பதில்: 60 பிரேம் முறையில் பல ஆட்டங்கள் தெளிவையும் ஒளி விவரங்களையும் குறைத்துவிடுகின்றன. அந்தக் குறை உங்கள் கண்ணில் படாவிட்டால் 60-ஐயே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் விஆர்ஆரைப் பற்றிய உங்கள் கருத்து சரியன்று. பிஎஸ்5-க்கு 2022 ஏப்ரலில் வந்த விஆர்ஆர் 48 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை இயங்குகிறது. 60 ஹெர்ட்ஸ் டிவியில் அதற்கு 48 முதல் 60 வரையிலான குறுகிய இடமே மிஞ்சும். ஆட்டம் அதற்குக் கீழே இறங்கினால் திணறல் திரும்பிவிடும். 120 ஹெர்ட்ஸ் திரையில் 40 பிரேம் ஆட்டம் ஒவ்வொரு பிரேமையும் இரண்டு அல்லது மூன்று முறை அனுப்பி அந்த எல்லைக்குள்ளேயே நிற்க முடியும். விஆர்ஆரை விரும்புகிறவருக்குத்தான் 120 ஹெர்ட்ஸ் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

கேள்வி: ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை) வாங்கினால் திரையில் தழும்பு, அதாவது அழியாத நிழல், விழுமா?

பதில்: ஒரே ஆட்டத்தை நாள்தோறும் பல மணி நேரம், அதே வரைபடமும் அதே எண்களும் ஒரே மூலையில் நிற்க ஆடுகிறவருக்கு அந்த ஆபத்து உண்மையானது. பலவிதமான ஆட்டங்களை மாற்றி மாற்றி ஆடுகிறவர் அவ்வளவு கவலைப்பட வேண்டாம். வெயில் நேராக விழும் கூடத்திற்கு மினி எல்இடி (திரைக்குப் பின்னால் மிகச் சிறு விளக்குகள் கொண்ட எல்இடி வகை), விளக்கைத் தணித்து ஆடும் அறைக்கு ஓஎல்இடி என்பதே என் பரிந்துரை. எல்இடி வகையில் ஓர் எச்சரிக்கை: விஆர்ஆரை இயக்கினால் லோக்கல் டிம்மிங் (படத்தின் இருண்ட பகுதிகளில் மட்டும் பின்விளக்கைத் தணிப்பது) நின்றுபோகும் மாடல்கள் உண்டு, வாங்குமுன் விசாரியுங்கள்.

கேள்வி: பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சவுண்ட்பார் மூன்றும் இருக்கின்றன. எத்தனை போர்ட் தேவை?

பதில்: பல டிவிகளில் 4கே 120 ஹெர்ட்ஸ் ஏற்கும் போர்ட்டுகள் இரண்டே, அவற்றில் ஒன்றுதான் சவுண்ட்பாருக்கு ஒலியை அனுப்பும் இஆர்க் போர்ட்டும். சவுண்ட்பார் அதைப் பிடித்துக்கொண்டால் இரண்டு கன்சோல்களுக்கும் ஒன்றே மிஞ்சும். நான்கு போர்ட்டிலும் அந்த வசதி உள்ள மாடலைத் தேடுங்கள்.

கேள்வி: டிவி 120 ஹெர்ட்ஸ்தான், ஆனால் பிஎஸ்5 60 என்றே காட்டுகிறது.

பதில்: சரியான போர்ட்டில் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பிறகு டிவியின் அமைப்பில் அந்த போர்ட்டின் சிக்னல் வடிவத்தை மேம்பட்ட நிலைக்கு மாற்றுங்கள். சாம்சங்கில் இதன் பெயர் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’. கன்சோலுடன் வந்த கேபிளையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: பெட்டியில் 2.1 என்று போட்டிருக்கிறது, வாங்கலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். அந்த எண் எதையும் உறுதி செய்யாது.

கேள்வி: டால்பி விஷன் அவசியமா?

பதில்: டால்பி விஷன், எச்டிஆர்10 இரண்டும் படத்தின் ஒளியையும் வண்ணத்தையும் செழுமையாகக் காட்டும் முறைகள். ஆட்டங்களில் டால்பி விஷன் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களுக்கு மட்டும் பயன்படும், பிஎஸ்5 ஆட்டங்களுக்கு எச்டிஆர்10 போதும்.

கேள்வி: என் டிவியில் 2.1 இருக்கிறது, 120 வருமா?

பதில்: மாடல் எண்ணை எழுதுங்கள். அது இல்லாமல் இந்தக் கேள்விக்கு இனி விடையளிக்க மாட்டேன்.