இணையதளத்தில் கோப்புகளை ஏற்ற எந்த இலவச மென்பொருள் நல்லது?

கேள்வி: போச்சம்பள்ளி வட்டம் சந்தூரில் எங்கள் குடும்பம் மா ஒட்டுக்கன்று நர்சரி நடத்தி வருகிறது. எங்களுக்கு இணையதளம் அமைத்துத் தந்தவர் இப்போது வெளிநாடு சென்றுவிட்டார். சர்வர் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுத்து, “எஃப்டிபி மென்பொருள் ஒன்றைப் போட்டு இனி நீங்களே படங்களை ஏற்றிக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டார். நடவு சீசன் தொடங்குவதற்குள் சுமார் 200 படங்களையும் புதிய விலைப்பட்டியலையும் ஏற்ற வேண்டும். கடையில் விண்டோஸ் கணினியும், மகளிடம் உபுண்டு போட்ட மடிக்கணினியும் உள்ளன. ஏற்றிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்விடுவதும் உண்டு. இலவசமாகக் கிடைப்பவற்றில் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: மென்பொருளின் பெயரைச் சொல்வதற்கு முன், உங்கள் சர்வர், அதாவது தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் கணினி, எந்த வழியில் கோப்புகளை ஏற்றுக்கொள்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் மென்பொருளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான். கோப்புகளைச் சர்வருக்கு அனுப்பும் வழிகள் எல்லாவற்றையும் பேச்சுவழக்கில் ‘எஃப்டிபி’ என்றே சொல்கிறோம் என்றாலும், அந்தப் பெயருக்குள் மூன்று வேறுபட்ட வழிகள் இருக்கின்றன. முதலாவது பழைய எஃப்டிபி. கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் படித்துவிட்டு அமெரிக்காவின் எம்ஐடிக்குச் சென்ற அபய் பூஷண் 1971 ஏப்ரலில் அதன் முதல் வரைவை எழுதினார். ஒரு சில ஆய்வுக்கூடக் கணினிகள் மட்டுமே ஒன்றோடொன்று இணைந்திருந்த அந்தக் காலத்தில் திருட்டைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவை எழவில்லை. ஆகவே அந்த முறையில் கடவுச்சொல்லும் கோப்பும் எவ்வித மறைப்புமின்றி அப்படியே செல்கின்றன. அது, நீங்கள் பேருந்தில் ஏற்றி அனுப்பும் பணப்பெட்டியின் மேலேயே அதன் சாவியையும் கட்டி அனுப்புவதைப் போன்றது.

இரண்டாவதான எஃப்டிபிஎஸ், அதே பழைய முறையின் மேல் மறையாக்கத்தை, அதாவது இடையில் யாரும் படிக்க முடியாதபடி தகவலை உருமாற்றுவதை, போர்த்தியது. மூன்றாவதான எஸ்எஃப்டிபி, பெயர் ஒத்திருந்தாலும் எஃப்டிபியின் வாரிசு அல்ல. எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்புக்குள் இயங்கும் தனி முறை. முதலிரண்டும் வழக்கமாக 21 என்ற போர்ட் எண்ணையும் (சர்வருக்குள் இணைப்பு நுழையும் வாசலின் எண்), எஸ்எஃப்டிபி 22 என்ற எண்ணையும் பயன்படுத்துகின்றன. உங்களுக்கு எழுதிக் கொடுத்த தாளில் எண் எதுவும் இல்லையென்றால், தளத்துக்கு இடம் தந்திருக்கும் நிறுவனத்தின் உதவிப் பிரிவைக் கேளுங்கள்: “எஸ்எஃப்டிபி உண்டா? இல்லையென்றால் மறையாக்கத்துடன் கூடிய எஃப்டிபி உண்டா?” இரண்டுமே இல்லை என்று பதில் வந்தால், மென்பொருளை விட்டுவிட்டு அந்த நிறுவனத்தை மாற்றுவதைப் பற்றித்தான் நீங்கள் யோசிக்க வேண்டும்.

எஸ்எஃப்டிபி உண்டு என்றால், கடையின் விண்டோஸ் கணினிக்கு நான் பரிந்துரைப்பது வின்எஸ்சிபி. விண்டோஸில் மட்டுமே இயங்கும் இந்தக் கட்டற்ற மென்பொருள் 2000ஆம் ஆண்டிலிருந்து வளர்ந்து வருகிறது. இதற்கு நான் முதலிடம் தருவதற்குக் காரணம் உங்கள் மின்வெட்டுதான். எஸ்எஃப்டிபி வழியாக ஓரளவு பெரிய கோப்பை ஏற்றும்போது, வின்எஸ்சிபி முதலில் அதை ஒரு தற்காலிகப் பெயரில் சர்வரில் எழுதி, முழுவதும் சேர்ந்த பிறகே உரிய பெயருக்கு மாற்றுகிறது. இதற்கான எல்லை வழக்கமாக 100 கிலோபைட். ஆகவே புதிய விலைப்பட்டியல் இந்த எல்லையைத் தாண்டியதாக இருந்தால், பாதியில் மின்சாரம் போனாலும் பழையது சிதையாமல் தளத்தில் இருக்கும். மீண்டும் இணைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரவும் முடியும். வேறு மென்பொருள்களிலும் தொடரும் வசதி உண்டு. ஆனால் பாதிக் கோப்பு பழைய கோப்பின் இடத்தில் உட்கார்ந்துவிடாமல் தானாகவே பார்த்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு, வாடிக்கையாளர் பார்த்துக்கொண்டிருக்கும் தளத்துக்கு மிகவும் பொருத்தமானது.

உபுண்டு மடிக்கணினிக்கு ஃபைல்ஜில்லா போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் ஒரே தோற்றத்தில் இயங்குவதும், மேலே சொன்ன மூன்று வழிகளையும் இலவசப் பதிப்பிலேயே ஆதரிப்பதும் அதன் பலம். தந்தையும் மகளும் ஒரே மென்பொருளைப் பயன்படுத்தினால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பது எளிது என்று நீங்கள் நினைத்தால், இரண்டு கணினிகளிலும் ஃபைல்ஜில்லாவையே வைத்துக்கொள்ளலாம். அது தவறான தேர்வு ஆகாது. உங்கள் சர்வரில் எஃப்டிபிஎஸ் மட்டுமே இருந்தாலும் அதையே நான் சொல்வேன். ஆனால் அப்போது சர்வர் விவரங்களைச் சேமித்துவைக்கும் அதன் சைட் மேனேஜரில் மறையாக்கம் ‘இருந்தால் பயன்படுத்து’ என்றிருக்கும் அமைப்பை, ‘கட்டாயம் வேண்டும்’ என்ற பொருள் தரும் அமைப்புக்கு மாற்றிவிடுங்கள். மேக் கணினிக்காரர்கள் பலர் விரும்பும் சைபர்டக் உங்களுக்குத் தேவைப்படாது. உலாவியின் முகவரிப் பட்டையிலேயே எஃப்டிபி முகவரியைத் தட்டச்சு செய்த பழைய வழக்கத்தை யாராவது உங்களுக்குச் சொன்னால், குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021ஆம் ஆண்டிலேயே அந்த வசதியை நீக்கிவிட்டன என்று சொல்லிவிடுங்கள்.

எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைவிட எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஃபைல்ஜில்லாவின் போலிப் பதிப்புகள் சில இணையத்தில் உலவின. பார்ப்பதற்கு அசலைப் போலவே இருந்து, கோப்புகளையும் ஒழுங்காகவே ஏற்றிவிட்டு, நீங்கள் தட்டச்சு செய்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஓசையின்றி வேறோர் இடத்துக்கு அவை அனுப்பிக்கொண்டிருந்தன. எனவே தேடல் முடிவில் முதலில் தெரியும் விளம்பரத்தைச் சொடுக்காமல், மென்பொருளின் சொந்தத் தளத்துக்கே செல்லுங்கள். ஃபைல்ஜில்லாவின் சொந்தத் தளத்திலும் ஒரு சிறு எச்சரிக்கை தேவை: விண்டோஸுக்கான பெரிய பச்சைப் பொத்தான் தரும் நிறுவியில், தொடர்பில்லாத வேறு மென்பொருள்களையும் சேர்த்து நிறுவச் சொல்லும் சலுகைகள் வரக்கூடும். அதே பக்கத்தில் ‘கூடுதல் தரவிறக்க வழிகள்’ என்ற பொருளில் உள்ள சிறு இணைப்பின் வழியே சென்றால் அந்த ஒட்டுண்ணிகள் இல்லாத நிறுவி கிடைக்கும். உபுண்டுவில் இந்தத் தொல்லையே இல்லை. அதன் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து நேரடியாக நிறுவலாம்.

அடுத்தது கடவுச்சொல்லைச் சேமிப்பது. சேமித்த கடவுச்சொற்களையெல்லாம் பூட்டிவைக்கும் தலைமைக் கடவுச்சொல் ஒன்றை வைக்காவிட்டால், ஃபைல்ஜில்லா சேமிக்கும் கடவுச்சொற்களை அந்தக் கணினியில் புகுந்த எந்தத் தீநிரலும் (வைரஸ் போன்ற கெட்ட மென்பொருளும்) எளிதில் படித்துவிடும். 2009இல் பரவிய கம்ப்ளர் என்ற தீநிரல், இப்படிக் கணினிகளிலிருந்து எஃப்டிபி கடவுச்சொற்களைத் திருடித்தான் ஏராளமான தளங்களுக்குள் புகுந்தது. இரண்டு மென்பொருள்களிலும் தலைமைக் கடவுச்சொல் வசதி இருக்கிறது. அதை இயக்குங்கள், அல்லது ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்யுங்கள். கடைக் கணினியைக் கன்று வாங்க வருபவர்களும் பணியாளர்களும் தொடும் நிலை இருந்தால் இரண்டாவது வழியே நல்லது. தளத்தை அமைத்தவர் மீது எந்தச் சந்தேகமும் இல்லாவிட்டாலும்கூட, அவர் தந்த கடவுச்சொல்லை இன்றே மாற்றிவிடுங்கள்.

முதல் முறை இணைக்கும்போது, சர்வரின் அடையாளக் குறியைக் காட்டி, இதை நம்பலாமா என்று மென்பொருள் கேட்கும். அது பிழைச் செய்தி அன்று. நிறுவனம் தரும் குறியோடு ஒப்பிட்டுப் பார்த்து ஏற்கலாம். ஆனால் ஒருமுறை ஏற்ற பிறகு, என்றாவது ‘அடையாளம் மாறியிருக்கிறது’ என்று எச்சரிக்கை வந்தால், அன்று மேலே தொடராமல் நிறுவனத்திடம் விசாரியுங்கள்.

உள்ளே நுழைந்ததும் ஏற்றுவதற்கு அவசரப்படாமல், தளம் முழுவதையும் உங்கள் கணினிக்கு ஒரு பிரதி இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டு பலகங்களாகத் தெரியும் திரையில் இடப்பக்கம் உங்கள் கணினி, வலப்பக்கம் சர்வர். வலப்பக்கத்தில் பெரும்பாலும் ‘பப்ளிக்_எச்டிஎம்எல்’ என்ற கோப்புறையே தளத்தின் வாசல். அதற்கு வெளியே நீங்கள் போடும் படம் யாருக்கும் தெரியாது. இரண்டு பக்கங்களையும் தானாகவே ஒப்பிட்டுச் சமன்படுத்தும் வசதி வின்எஸ்சிபியில் உண்டு. அது அருமையானதுதான், ஆயினும் திசையைத் தவறாகக் கொடுத்து, ‘கூடுதல் கோப்புகளை நீக்கு’ என்பதையும் இயக்கிவிட்டால், வெற்றுக் கோப்புறையைப் பார்த்துச் சர்வரையும் வெறுமையாக்கிவிடும். முன்னோட்டப் பட்டியலைப் படிக்காமல் அதற்குச் சம்மதம் தராதீர்கள்.

படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைப்பேசியில் எடுத்த படம் ஒன்று 4 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், 200 படங்கள் 800 மெகாபைட் ஆகின்றன. உங்கள் இணைப்பின் பதிவேற்ற வேகம் விநாடிக்கு 2 மெகாபிட் என்றால், தடங்கலே இல்லாவிட்டாலும் ஏறக்குறைய 53 நிமிடங்கள் ஆகும். அதே படங்களைத் தலா 200 கிலோபைட்டாகச் சுருக்கினால் மொத்தம் 40 மெகாபைட். மூன்று நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். பார்ப்பவரின் கைப்பேசியிலும் பக்கம் விரைவாகத் திறக்கும். எந்த மென்பொருளும் தர முடியாத வேகம் இது.

கோப்பின் பெயர்களில் நான் பட்ட பாட்டையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தருமபுரியில் ஒரு கடையின் தளத்துக்கு நான் படங்கள் ஏற்றியபோது, என் கணினியில் எல்லாம் சரியாகத் தெரிந்தன. தளத்திலோ பாதிப் படங்கள் வரவேயில்லை. மாலை முழுவதும் மென்பொருளைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். உண்மையில் கேமரா தந்த பெயர்களின் இறுதி மூன்றெழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்திலும், பக்கத்தில் நான் எழுதியது சிறிய எழுத்திலும் இருந்தன. விண்டோஸ் இந்த இரண்டையும் ஒன்றாகவே பாவிக்கும். பெரும்பாலான சர்வர்களில் இருக்கும் லினக்ஸோ வெவ்வேறு கோப்புகளாகவே பார்க்கும். எனவே செந்தூரா, மல்கோவா, பெங்களூரா என்று எந்த ரகமானாலும் பெயர் முழுவதையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளியின்றி வையுங்கள். தமிழிலும் பெயர் வைக்க முடியும். ஆனால் அந்த இணைப்பை வாட்ஸ்அப்பில் பகிரும்போது அது சதவீதக் குறிகள் நிறைந்த நீண்ட வால் ஆகிவிடக்கூடும்.

இணைப்பு கிடைத்தும் கோப்புப் பட்டியல் தெரியவில்லை என்றால், எஃப்டிபி அல்லது எஃப்டிபிஎஸ் பயன்படுத்துபவர்கள் அமைப்பில், எல்லா இணைப்புகளையும் உங்கள் கணினியே தொடங்கும் ‘பாசிவ்’ முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டு ரூட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினிகளுக்கு அதுவே ஏற்றது. 530 என்ற எண் வந்தால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. ஏற்றிய படம் ‘அனுமதி இல்லை’ என்று மறுக்கப்பட்டால், அந்தக் கோப்புக்கு 644, கோப்புறைக்கு 755 என்ற அனுமதி எண்களைக் கொடுங்கள். 777 கொடுத்தால் சரியாகிவிடும் என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். சர்வரில் யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம் என்று திறந்துவிடும் எண் அது.

முதலில் விலைப்பட்டியலையும் ஐந்து படங்களையும் மட்டும் ஏற்றி, மகளின் கைப்பேசியிலிருந்து தளத்தைத் திறந்து பாருங்கள். அவை சரியாகத் தெரிந்த பிறகு மீதி 195 படங்களை வரிசையில் போடுங்கள்.