விரிசல் விட்ட கான்கிரீட் கம்பியை எப்படிப் பிடித்திருக்கிறது?

பீமின் இழுவிசைப் பகுதியில் கான்கிரீட் விரிசல் விட்டுவிடும், அதைக் கணக்கில் சேர்க்காதே என்கிறார்கள். அப்புறம் அதே கான்கிரீட் கம்பியைப் பிடித்திருக்கிறது என்றும் சொல்கிறார்களே, எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். மிக நல்ல சந்தேகம். பாடம் நடத்தும்போது இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

கான்கிரீட் சுமார் 0.0001 திரிபிலேயே, அதாவது தன் நீளத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நீண்டாலே, விரிசல் விடும். அப்போது கம்பியில் இருக்கும் தகைவு (ஓரலகு பரப்பில் விழும் விசை) வெறும் 20 மெகாபாஸ்கல்தான். ஆக, கம்பி உருப்படியாக வேலை செய்யும் எந்த பீமிலும் விரிசல் உண்டு. ஆனால் விரிசல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் விழும். இரண்டு விரிசல்களுக்கு நடுவில் கான்கிரீட் முழுசாக இருக்கிறது, பிடிப்பு அங்கேதான்.

வலிமைக் கணக்குக்கு நாம் எடுப்பது விரிசல் விழுந்த வெட்டுமுகத்தை. அங்கே இழுவிசை முழுவதும் கம்பியின் தலையில். சற்றுத் தள்ளிப் போனால் கம்பி அதில் ஒரு பங்கைச் சுற்றியுள்ள கான்கிரீட்டுக்குக் கொடுக்கிறது; அடுத்த விரிசலை நெருங்கும்போது திரும்ப வாங்கிக்கொள்கிறது. முழுக்க விரிசல் விட்டதாகப் போட்ட கணக்கைவிட பீம் உண்மையில் குறைவாகத் தொய்வது இதனால்தான். வெட்டுவிசை (பீமைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் விசை) உள்ள இடங்களில் ஒரு விரிசலுக்கும் அடுத்ததற்கும் கம்பியின் விசை மாறுகிறதே, அந்த வித்தியாசத்தை வாங்குவதும் இந்த நடுத்துண்டுகள்தான். மேலே அமுக்கப் பகுதியோடு ஒட்டிக்கொண்டு சீப்பின் பற்கள் மாதிரி நிற்கின்றன என்று கானி என்ற பொறியியல் ஆய்வாளர் 1964இல் விளக்கினார். எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான படம் இல்லை.

கம்பிக்குக் குறுக்கே விழும் விரிசலைவிட, கம்பி நெடுக ஓடும் விரிசலுக்குத்தான் பயப்பட வேண்டும். வரிக்கம்பியின் பிடிப்பு பெரும்பாலும் அதன் மேல் புடைத்திருக்கும் வரிகள் கான்கிரீட்டில் முட்டி நிற்பதால் வருகிறது. அந்த முட்டல் சாய்வாகத் தள்ளுவதால், சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கப் பார்க்கும். கவர் (கம்பிக்கு வெளியே உள்ள கான்கிரீட்டின் தடிமன்) குறைந்தாலோ கம்பிகள் நெருங்கி இருந்தாலோ பிளந்துவிடும், பிடிப்பும் போய்விடும். முதன்மைக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பிகள் அந்தப் பிளவை இறுக்கிப் பிடிக்கும்.

கம்பி உருவிக்கொள்ளாமல் இருக்க கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்க வேண்டிய நீளம்தான் நங்கூர நீளம். அதன் கணக்கு எளிது: விட்டம் × கம்பித் தகைவு ÷ (4 × பிணைப்புத் தகைவு). பிணைப்புத் தகைவு என்பது கம்பியின் மேற்பரப்பில் கான்கிரீட் பிடிக்கும் தகைவு. 16 மிமீ கம்பி, 360 மெகாபாஸ்கல், பிணைப்பு 2 மெகாபாஸ்கல் என்றால் 720 மிமீ. பீம் உட்காரும் தாங்கியின் மேல் இவ்வளவு நேர் நீளத்துக்குப் பெரும்பாலும் இடம் இருக்காது. கம்பியை வளைத்துவிடுங்கள், அல்லது அதே பரப்புக்குச் சிறிய விட்டத்தில் கூடுதல் கம்பிகள் போடுங்கள். நீளத் தேவை குறையும்.