தாஸ்கால (பிள்ளை பராமரிப்பு மையத்துல) வாக்கர் இருந்தா சேர்க்கலாமா?

கேள்வி: அக்கா, பாப்பாவுக்கு 8 மாசம், வீட்டுப் பக்கத்துல ஒரு தாஸ்கா பாத்தோம், அங்க எல்லா பிள்ளையையும் வாக்கர்ல (சக்கரம் வச்ச குழந்தை நடைவண்டி) உக்கார வச்சிருந்தாங்க, அது நல்லதா? – ஒரு அம்மா, செந்தூல்

பதில்: இல்லம்மா, எனக்கு மனசு ஒப்பல. வாக்கரால பிள்ளை சீக்கிரம் நடக்காது, படியில உருண்டு விழுற ஆபத்துதான் ஜாஸ்தி, கனடால 2004லயே விக்கக் கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க. பாய் விரிச்சு தரையில தவழ விடணும். ஜேகேஎம் (மலேசிய சமூக நலத்துறை) பதிவு சர்டிபிகேட்ட கேட்டுப் பாருங்க, ஒரு வயசுக்குள்ள உள்ள பிள்ளைங்கன்னா 3 பேருக்கு ஒரு ஆள் இருக்கணும். அப்புறம் சொல்லாம ஒருநாள் மத்தியானம் போய் நில்லுங்க, பிள்ளைங்க பவுன்சர்லயே (ஆடுற சாய்வு இருக்கை) தலை தொங்கித் தூங்குதா இல்ல தட்டையான மெத்தையில மல்லாந்து படுத்திருக்கான்னு பாருங்க, என் அக்கா பேத்திக்கு இடம் தேடுறப்ப நான் மொதல்ல பாத்ததே அதத்தான், அழுற பிள்ளைய எவ்வளவு சீக்கிரம் தூக்குறாங்கன்னும் கவனிங்க.