அல்வாவை வெளியே எடுங்கள்

கேள்வி: கல்லூரி இசைக்குழுவுக்காகச் சின்ன வயசைப் பற்றி ஒரு பாட்டு எழுதியிருக்கிறேன். எண்பதுகளின் நியூ வேவ் பாப் மாதிரி துள்ளலாக வர வேண்டும் என்று ஆசை. தாமிரபரணி, நெல்லையப்பர் தேர், அல்வா, பதநீர் எல்லாம் இருக்கிறது. கேட்கிறவர்கள் "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு உடனே போனைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். என்ன குறை?
(வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: முதலில் அல்வாவை வெளியே எடுங்கள் தம்பி. தேரும் ஆறும்கூட வேண்டாம். அதெல்லாம் ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவனுக்கு. அந்த வயசில் உங்களுக்கு ஊரா தெரிந்திருக்கும்? வீடுதான் தெரிந்திருக்கும்.

மேட்னஸ் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் 'அவர் ஹவுஸ்' (Our House, 'எங்கள் வீடு') கேட்டிருக்கிறீர்களா? வடக்கு லண்டன் கேம்டன் பக்கத்து ஏழு பேர். 1982-இல் வந்த பாட்டு, பிரிட்டன் பாட்டுத் தரவரிசையில் 5-ஆம் இடம், மறு வருடம் அமெரிக்காவில் 7-ஆம் இடம் வரை போனது. அதில் லண்டனின் பாலமோ கடிகாரக் கோபுரமோ கிடையாது. அப்பா வேலைக்குத் தாமதமாக எழுந்திருக்கிறார், அம்மா அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறாள், அண்ணனுக்கு யாரையோ பார்க்கப் போகிற அவசரம். அவ்வளவுதான். ஆனால் நம் பக்கத்து வளவு வீட்டில், தார்சாவில் ஒருத்தர் பேப்பர் படிக்க அடுக்களையில் பாத்திரம் உருளப் பிள்ளைகள் குறுக்கே ஓட வளர்ந்த யார் கேட்டாலும், இது நம்ம வீடுதானே என்று தோன்றும்.

இன்னொரு விஷயம், இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பாட்டு தொடங்கும்போது எல்லாமே நிகழ்காலம். அப்பா எழுந்திருக்கிறார், அம்மா அனுப்புகிறாள். நடுவில் பாடுகிறவர் பழசை நினைக்கத் தொடங்குகிறார், கடைசியில் வரும்போது பல்லவிக்குள்ளேயே இறந்தகாலம் புகுந்துவிடுகிறது, நாங்கள் தூங்கின இடம் அது என்று. தாளம் மட்டும் அதே குதியாட்டம்தான். 'ஐயோ போச்சே' என்று ஒரு வரி இல்லை, ஆனாலும் வீடு கைவிட்டுப் போனது தெரிந்துவிடுகிறது. நீங்கள் முதல் வரியிலேயே 'அந்த நாள் இனி வருமா' என்று கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கேட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: மேட்னஸின் 'அவர் ஹவுஸ்' நியூ வேவா, ஸ்காவா? துள்ளலான பாட்டில் ஏன் லேசாக ஒரு சோகம் ஒட்டுகிறது?
(கீபோர்டு வாசிக்கிற வாசகி, தென்காசி)

பதில்: குழு, ஜமைக்காவின் துள்ளல் இசையான ஸ்காவில் பிறந்தது. ஜமைக்காக்காரர் பிரின்ஸ் பஸ்டரின் பாட்டு ஒன்றிலிருந்துதான் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். 1982-க்குள் பியானோ, வயலின் என்று பாப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். சோகத்துக்குக் காரணம் கார்டு வரிசை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களின் வரிசை. மேஜரில் சந்தோஷமாகக் கிளம்பும், அடுத்த அடியே சோகமாக ஒலிக்கிற மைனரில் விழும். பல்லவியும் ஒரே சுருதியில் நிற்காது, இடம் மாறிக்கொண்டே இருக்கும். டேவிட் பெட்ஃபோர்டு எழுதிய வயலின் பகுதியை மட்டும் ஒருமுறை தனியாகக் காது கொடுத்துக் கேளுங்கள். உங்கள் கீபோர்டில் ஸ்ட்ரிங்ஸ் ஓசை இருக்குமே, அதில் வாசித்துப் பார்த்தால் புரிந்துவிடும். பாளையங்கோட்டைத் தம்பிக்கு நீங்களே மெட்டுப் போட்டுக் கொடுக்கலாம், நான் குறுக்கே வரமாட்டேன்.

கேள்வி: பத்து வயசுப் பேரனுக்கு மேட்னஸ் குழுவின் பாட்டு ஒன்று போட்டுக் காட்ட வேண்டும். எது?
(ஆச்சி ஒருவர், கல்லிடைக்குறிச்சி)

பதில்: 1980-இல் வந்த 'பேகி ட்ரௌசர்ஸ்', ஆச்சி. பள்ளிக்கூடச் சேட்டைதான் முழுக்க. வீடியோவில் சாக்ஸபோன்காரர் லீ தாம்சன் வாசித்துக்கொண்டே ஆகாயத்தில் பறப்பார், கிரேனில் கம்பி கட்டித் தூக்கியிருக்கிறார்கள். தட்டட்டியில் ஏறிப் பேரன் அதைச் செய்து பார்க்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.