டெலிவரிக்காரர் எதுவரை வர வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு வாசகி, மழையில் நனைந்து வந்த டெலிவரிப் பையனுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்ததை இரண்டே வரியில் எழுதியிருந்தார். அதைப் போட்டாலும் போட்டோம், இந்த முறை சிங்கப்பூரின் பல பேட்டைகளிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டெலிவரி பற்றித்தான். சிலர் ஓட்டுநர்கள், பலர் வாடிக்கையாளர்கள், ஒருவர் பகலில் அது, இரவில் இது.

கேள்வி: என் அம்மாவுக்கு 78 வயது. ஈசூனில் மூவறை வீட்டில் தனியாக இருக்கிறார். வாரம் ஒருமுறை என் கைப்பேசியிலிருந்து மளிகைச் சாமான் ஆர்டர் போட்டு அனுப்புவேன். போன வாரம் 10 கிலோ அரிசி மூட்டையை வாசலில் வைத்துவிட்டு டெலிவரிக்காரர் கிளம்பிவிட்டார். "தம்பி, அடுப்படி வரைக்கும் கொண்டாந்து வச்சிடுப்பா" என்று அம்மா கேட்டதற்கு, "உள்ளே வரக்கூடாது ஆன்ட்டி" என்றாராம். அம்மா அதை இழுத்து இழுத்து உள்ளே கொண்டுபோய், இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். கோபத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தேன். "அது அவன் வேலை இல்லை" என்கிறார் கணவர். நீங்கள் சொல்லுங்கள். – ஈசூன் வாசகி

பதில்: உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. அதற்காக நீங்கள் கோபப்பட்டதும் தப்பில்லை, அம்மா இடுப்பு வலியோடு படுத்திருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது. ஆனால் அந்த ஒற்றை நட்சத்திரம் போய் விழுந்திருப்பது சொன்னபடி நடந்துகொண்ட ஒரு பையனின் தலையில்.

இந்தப் பத்திரிகை வேலைக்கு வருவதற்கு முன்பு நானும் ஒன்றரை வருஷம் வேனில் சாமான் இறக்கியவன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேற்பார்வையாளர் சொன்னது, வாசற்படியைத் தாண்டாதே. அப்போது எனக்கு அது கல்நெஞ்சமாகத்தான் பட்டது. அப்புறம்தான் புரிந்தது: தனியாக இருக்கும் ஒரு பாட்டி வீட்டுக்குள் நான் போய்விட்டு வந்து, மறுநாள் அவர் மோதிரத்தை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடினால், முதலில் யார் நினைவுக்கு வருவார்? நான்தான். சாமி படத்துக்கு முன்னால் இருக்கும் குத்துவிளக்கை முழங்கையால் தட்டி உடைத்தாலும் நான்தான்.

இருந்தும் ஒருநாள் தாண்டினேன். பிடோக்கில் ஒரு தாத்தா, கூடத்தில் குழல் விளக்கு எரியவில்லை, ஸ்டூல் மேல் ஏற முடியவில்லை, மாட்டித் தருகிறாயா என்று கேட்டார். ஏறிப் பார்த்தால் விளக்கில் கோளாறு இல்லை, ஸ்டார்ட்டர் போயிருந்தது. அதைத் தேடி எடுத்து, மாட்டி, அவர் கலக்கித் தந்த மைலோவைக் குடித்துவிட்டுக் கீழே வருவதற்குள் இருபது நிமிடம் ஓடிவிட்டது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கார்பார்க்கில் முதல் 10 நிமிடம்தான் இலவசம், அதற்குள் இறக்கி, லிஃப்டுக்குக் காத்திருந்து, கொடுத்து, இறங்கிவிட வேண்டும் என்பதுதான் எங்கள் கணக்கு. அன்று கார்பார்க் காசு போனது பெரிதில்லை. அடுத்த புளோக்கில் காத்திருந்த ஓர் அம்மாவின் மீன் பையில் ஐஸ் உருகித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, அவர் புகார் கொடுத்தார், கொடுத்ததில் நியாயமும் இருந்தது. தாத்தாவுக்கு நான் காட்டிய கரிசனத்துக்கு அந்த அம்மா விலை கொடுத்தார், வேறென்ன சொல்ல. மைலோ நன்றாக இருந்தது என்பது வேறு விஷயம்.

அதனால் நான் சொல்வது இதுதான். சாமானைச் சேதமில்லாமல் வாசலுக்குக் கொண்டுவந்து, மணி அடித்து, கையில் கொடுப்பது வேலை. அதற்கு மேல் செய்வது அவர் மனசு. மனசைக் கேட்டுப் பெறலாம், கிடைக்கவில்லை என்றால் நட்சத்திரத்தை வெட்டக்கூடாது.

இனி அம்மாவுக்கு என்ன செய்யலாம்? 10 கிலோ மூட்டைக்குப் பதில் 5 கிலோ பையாக இரண்டு வாரத்துக்கு ஒன்று வாங்குங்கள். ஆர்டர் போடும்போதே குறிப்பில் "வயதானவர், கதவு திறந்ததும் கேட்டுக்கு உள்பக்கம் வைக்கவும்" என்று எழுதிவிடுங்கள். நம் இரும்பு கேட்டின் கம்பிகளுக்கு நடுவே அரிசிப் பை நுழையாது, எப்படியும் அம்மா கேட்டைத் திறக்கத்தான் வேண்டும், திறந்த பிறகு வெளியே நின்றபடியே ஒரு கை நீட்டி உள்ளே வைத்துவிட்டுப் போவதற்கு யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை. அந்த இடத்தில் சக்கரம் வைத்த சின்னப் பலகை ஒன்றைப் போட்டுவைத்தால் இன்னும் நல்லது, அம்மா தள்ளிக்கொண்டே போய்விடலாம். முடிந்தால் அந்த நட்சத்திரத்தையும் திருத்தப் பாருங்கள்.

கேள்வி: மெத்தை, அலமாரி டெலிவரி செய்யும் லாரி ஓட்டுகிறேன். புதுசை இறக்கி வைத்ததும், "பழசை அப்படியே எடுத்துட்டுப் போயிடுங்க அண்ணே" என்கிறார்கள். முடியாது என்றால் முகம் சுருங்கிவிடுகிறது. முதலாளியோ "கஸ்டமர் மனசு நோகக்கூடாது" என்கிறார். – புக்கிட் பாஞ்சாங் வாசகர்

பதில்: முதலாளியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எடுத்துட்டு வர்றேன் பாஸ், எங்கே போடட்டும்?" லாரியில் இன்னும் நான்கு வீட்டுச் சாமான் இருக்கும்போது, மூட்டைப்பூச்சி இருக்கிறதோ இல்லையோ தெரியாத ஒரு பழைய மெத்தையைப் புது மெத்தைகளுக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கச் சொல்கிறாரா? பழசை எடுப்பதும் சேவைதான் என்றால் அதற்கு விலை போட்டு, ரசீதில் எழுதி, உங்களுக்கும் உதவியாளருக்கும் அதில் பங்கு தரட்டும். அதுவரை செய்ய வேண்டாம்.

வாடிக்கையாளரிடம் வெறுமனே முடியாது என்று சொல்லாமல், வழியையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். கழக வீடுகளில் இருப்பவர்களுக்குப் பல நகர மன்றங்கள் மாதம் மூன்று பொருள் வரை இலவசமாக எடுத்துக்கொள்கின்றன. முன்கூட்டியே அழைத்து நாள் குறிக்க வேண்டும், அவ்வளவுதான். இது தெரியாதவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து யாருக்காகவும் மெத்தையைக் கீழ்த்தளத் தூணில் சாய்த்துவிட்டுப் போகாதீர்கள், மாட்டிக்கொள்ளப்போவது நீங்கள்.

கேள்வி: சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்கிறேன். உணவை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது ஒருவர், "வர்ற வழியில ஒரு பாக்கெட் சிகரெட் வாங்கிட்டு வாங்க ப்ரோ, காசு சேர்த்துத் தர்றேன்" என்று செய்தி அனுப்பினார். வாங்கிக் கொடுத்தேன், ஐந்து வெள்ளி (டாலர்) அதிகமாகவே தந்தார். இது தப்பா? – செங்காங் வாசகர்

பதில்: தப்புதான். இனிமேல் வேண்டாம். 2021 ஜனவரி முதல் இங்கே 21 வயது ஆகாதவருக்குச் சிகரெட் விற்கக்கூடாது, வாங்கிக் கொடுப்பதும் குற்றம். செய்தி அனுப்பியவருக்கு 40 வயதா 17 வயதா என்று திரையைப் பார்த்து எப்படிச் சொல்வீர்கள்? கதவைத் திறந்து நிற்பது பள்ளிக்கூடப் பையன் என்றால் ஐந்து வெள்ளி உங்களைக் காப்பாற்றாது.

இன்னொன்றும் இருக்கிறது. 2025 ஜனவரி 1-ல் நடப்புக்கு வந்த சட்டத்தின்படி, உங்களைப் போல ஆப் வழியாக வேலை பார்ப்பவர்களுக்கு வேலையில் அடிபட்டால் இழப்பீடு உண்டு. நீங்கள் 1995-க்கு முன் பிறந்தவரா, 1995-லோ அதற்குப் பின்போ பிறந்தவரா என்பதைப் பொறுத்து மத்திய சேம நிதி (ஓய்வுக்காலச் சேமிப்பு) விஷயமும் மாறும், அதைத் தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள். இழப்பீடு நீங்கள் எடுத்த ஆர்டரோடு ஒட்டியது. சிகரெட் வாங்க நாலு புளோக் தள்ளிப் போய் அங்கே சைக்கிளோடு விழுந்தால், "அங்கே எதற்குப் போனாய்?" என்று யாராவது கேட்பார்கள். என்ன பதில் சொல்வீர்கள்?

கேள்வி: மணி அடிப்பதே இல்லை! நான் வீட்டிலேயே இருக்கிறேன், "பொருள் ஒப்படைக்கப்பட்டது" என்று படம் வருகிறது. படத்தில் என் செருப்பு அலமாரி, அதன் கீழ்த்தட்டில் மகனின் காற்பந்துக் காலணிக்கு அடியில் என் புடவைப் பார்சல். – பொங்கோல் வாசகி

பதில்: இந்தக் கடிதத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம். ஒருநாளைக்கு நூறு பார்சலுக்கு மேல் போடச் சொல்கிறார்கள், நேரம் இல்லை என்று நண்பர்கள் சொல்வார்கள், தெரியும். ஒரு விரலால் மணியை அழுத்திவிட்டு, பார்சலைக் கீழே வைத்து, படம் எடுப்பதற்குள் வீட்டுக்காரரே வந்துவிடுவார். மணி அடிக்காமல் போவதை எந்த அவசரத்தின் பெயரிலும் ஏற்க முடியாது, வேறு எதைக் குறைத்தாலும் அதைக் குறைக்காதீர்கள்.

நீங்கள் வீட்டில் இல்லாத நாளுக்கு, வீட்டுக்கு அருகில் இருக்கும் பார்சல் லாக்கரை, அதாவது நீங்களே போய்த் திறந்து எடுத்துக்கொள்ளும் பெட்டியை, தேர்ந்தெடுத்துப் பாருங்கள், விற்பவர் அந்த வசதி தந்தால். புடவைக்குக் காலணி வாசனை வராது.

கேள்வி: எங்கள் கொண்டோவில் (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பு) காவலாளி டெலிவரிக்காரர்களை வண்டியோடு உள்ளே விடுவதில்லை. வெளியே நிறுத்தி, பெயர் எழுதி, பின்பக்க லிஃப்டில் ஏறி வர வேண்டும். சாப்பாடு ஆறிப்போகிறது. நான் காசு கொடுத்திருக்கிறேன், இறங்கிப் போய் வாங்க வேண்டுமா? – நொவினா வாசகர்

பதில்: வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் அந்த விதியைப் போட்டது உங்கள் நிர்வாகக் குழு, அதற்குச் சந்தா கட்டுவது நீங்கள். நடப்பது மட்டும் அவரா? பதிவேட்டில் பெயர் எழுதும் நேரத்துக்கும் லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரத்துக்கும் அவருக்கு யாரும் தனியாகக் காசு தருவதில்லை. நிர்வாகக் கூட்டத்தில் ஒரு மேசை போடச் சொல்லுங்கள், காவலாளி அறைக்குப் பக்கத்தில், நிழலில். அது வரும்வரை சாப்பாடு சூடாக வேண்டுமென்றால் வண்டி கிளம்பியது என்று ஆப்பில் காட்டியதும் இறங்கிப் போங்கள். மழை நாளாக இருந்தால் குடையோடு.