படம் ஒப்படைக்கும் இடமும் படம் காக்கும் இடமும்

கேள்வி: நானும் என் தங்கையும் சேர்ந்து ஒரு சிறு புகைப்பட நிறுவனம் நடத்துகிறோம். ஆண்டுக்குச் சுமார் 40 நிகழ்வுகள். பெரும்பாலும் திருமணங்கள், சில பள்ளி விழாக்கள். கூகுள் டிரைவ் இணைப்பும் பென் டிரைவுமாகவே இதுவரை காலம் ஓடிவிட்டது. வாடிக்கையாளர்கள் கைப்பேசியிலேயே படங்களைப் பார்த்து, ஆல்பத்துக்கு வேண்டியவற்றைக் குறித்துக் கொடுக்க ஒரு நல்ல ஆன்லைன் கேலரி தேவைப்படுகிறது. இலவச மென்பொருளைச் சொந்த சர்வரில் நிறுவித் தருவதாகக் கணினித் துறை நண்பர் ஒருவர் சொல்கிறார். எங்கள் தொழிலிலேயே இருக்கும் இன்னொரு நண்பர், சந்தா கட்டி ஒரு சேவையில் சேர்ந்துவிடு என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது? படங்கள் திருடுபோகாமல் காப்பது எப்படி? எத்தனை காலம் அவற்றை இணையத்தில் வைத்திருக்க வேண்டும்?
– ஒரு வாசகர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் நண்பர்கள் இருவர் சொல்வதிலும் தவறில்லை. ஆனால் இருவரும் வெவ்வேறு வேலைகளை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். நீங்களோ அந்த வேலைகள் அனைத்தையும் ஒரே மென்பொருளின் தலையில் ஏற்றப் பார்க்கிறீர்கள். புதியவர்களுக்கு உங்கள் திறமையைக் காட்டுவது ஒரு வேலை. பணம் கொடுத்த வாடிக்கையாளரிடம் அவருடைய படங்களைக் காட்டி, அவர் தேர்வைத் திரும்பப் பெற்று, முடிவில் படங்களை ஒப்படைப்பது இரண்டாவது வேலை. எடுத்தவற்றைப் பல ஆண்டுகளுக்குப் பத்திரமாக வைத்திருப்பது மூன்றாவது. நீங்கள் தேடும் கேலரி இரண்டாவது வேலைக்கானது. மற்ற இரண்டையும் அது ஓரளவு செய்யும் என்றாலும், அவற்றுக்காக அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

மூன்றாவது வேலையை முதலில் ஒதுக்கிவிடுவோம், ஏனெனில் அதில் விவாதத்துக்கே இடமில்லை. எவ்வளவு பெரிய நிறுவனம் நடத்தினாலும், ஓர் ஆன்லைன் கேலரி உங்கள் மூலப் படங்களின் காப்பகம் ஆகிவிடக் கூடாது. தொழில்முறைப் புகைப்படக் கலைஞர்களுக்கென்றே நடந்த டிஜிட்டல் ரெயில்ரோடு என்ற சேவை 2008 அக்டோபரில் மூடப்பட்டபோது, படங்களை எடுத்துக்கொள்ள உறுப்பினர்களுக்குக் கிடைத்த அவகாசம் ஏறத்தாழ ஒரு நாள்தான். கோடாக்கின் கேலரி 2012-இலும் கூகுளின் பிக்காசா 2016-இலும் நின்றுபோயின. மூடப்படாத சேவைகளும் விதிகளை மாற்றிக்கொண்டே இருக்கும்: ஃபிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தை 2018-இல் ஸ்மக்மக் நிறுவனம் வாங்கிய பிறகு இலவசக் கணக்குகளுக்கு 1,000 படங்கள் என்ற வரம்பு வந்தது, வரம்பில்லாத இலவசச் சேமிப்பைக் கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் நிறுத்திக்கொண்டது. எனவே மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒரு பிரதியாவது வேறு கட்டடத்தில் என்ற பழைய விதியை உங்கள் ஹார்ட் டிஸ்க்குகளைக் கொண்டே நிறைவேற்றிக்கொள்ளுங்கள். கேலரியில் இருப்பதை ஒரு பிரதியாக எண்ணவே வேண்டாம்.

இப்போது கொஞ்சம் கணக்கு. 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த ஒரு ஜேபெக் படம் சராசரியாக 10 மெகாபைட் என்று கொள்வோம். ஒரு நிகழ்வுக்கு 800 படங்கள் என்றால் 8 ஜிகாபைட். 40 நிகழ்வுகளுக்கு 320 ஜிகாபைட். ஐந்து ஆண்டுகளில் 1.6 டெராபைட். நொடிக்கு 10 மெகாபிட் பதிவேற்ற வேகம் உள்ள இணைப்பில் ஒரு நிகழ்வை ஏற்ற ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் இணைப்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராத சேவை உங்கள் இரவைத் தின்றுவிடும். ஆனால், தேர்வு செய்வதற்கு மட்டும் முழு அளவுப் படம் எதற்கு? நீளப் பக்கம் 2,048 பிக்சலாகச் சுருக்கினால் ஒரு படம் ஏறக்குறைய ஒரு மெகாபைட்டில் அடங்கிவிடும். முதலில் சுருக்கிய படங்களை ஏற்றித் தேர்வைப் பெற்று, திருத்தி முடித்த படங்களை மட்டும் பின்னர் முழு அளவில் ஏற்றும் பழக்கம் வந்துவிட்டால், விலை அட்டவணையில் உங்களை மிரட்டும் பெரிய சேமிப்புத் திட்டங்கள் பல தேவையில்லாமல் போகும்.

சொந்த சர்வர் பற்றி உங்கள் நண்பர் சொல்வதை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். 2002-இல் வேறு பெயரில் தொடங்கி 2009-இல் பெயர் மாறிய பிவிகோ இன்றும் நன்றாக வளர்ந்துவரும் திறந்த மூல மென்பொருள். ஆயிரக்கணக்கான படங்களைக் குறிச்சொற்களோடு அடுக்கி வைத்துத் தேடுவதில் அது மிகத் திறமையானது. லிச்சி அதைவிட எளிமையானது, பார்வைக்கும் அழகானது. பழைய படங்களைத் தேடித் தேடி விற்கும் தொழிலாக உங்களுடையது இருந்திருந்தால், பிவிகோவையே பரிந்துரைத்திருப்பேன். உங்களுக்கோ தேர்வுப் பட்டியல், பதிவிறக்கக் கட்டுப்பாடு, அச்சுப் பிரதி விற்பனை எல்லாம் வேண்டும். அவற்றைத் துணைச் செருகிகளால் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு நிரல்களால்) ஒட்டுப்போட்டே கொண்டுவர வேண்டியிருக்கும்.

சர்வர் தரப்பிலும் சில முட்கள் உண்டு. இவ்வகை மென்பொருள்கள் பெரும்பாலும் பிஹெச்பி மொழியில் இயங்குபவை. அம்மொழியின் இயல்பான அமைப்பில் ஒரு கோப்பின் பதிவேற்ற வரம்பு 2 மெகாபைட். நினைவக வரம்பு 128 மெகாபைட். 6,000 × 4,000 பிக்சல் கொண்ட உங்கள் படத்தைச் சிறு உருவாக மாற்றுவதற்காக விரித்தால், ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் அதற்கு மட்டுமே 96 மெகாபைட் போய்விடும். முழு நிகழ்வையும் ஒரே ஜிப் கோப்பாகத் தர முயன்றால், பழைய ஜிப் வடிவத்தின் 4 ஜிகாபைட் வரம்பு குறுக்கே நிற்கும். இவை ஒவ்வொன்றுக்கும் தீர்வு உண்டு, உங்கள் நண்பருக்கு அவை தெரிந்தும் இருக்கும். ஆனால் பாதுகாப்புத் திருத்தம் வரும்போதெல்லாம் அதை நிறுவுவதும், ஒரு மணமகள் ஞாயிற்றுக்கிழமை இரவு "படம் திறக்கவில்லை" என்று அழைக்கும்போது எழுந்து பார்ப்பதும் அவருடைய வேலையா, உங்களுடையதா? நட்பின் பேரில் நிறுவப்படும் சர்வர், நண்பர் வேலை மாறியதும் யாருக்கும் கடவுச்சொல் தெரியாத பெட்டியாகிவிடும். உங்களிலோ உங்கள் தங்கையிலோ ஒருவர் இதை விருப்பத்தோடு கற்றுக்கொண்டு பொறுப்பேற்பதாக இருந்தால் மட்டும் அந்த வழியில் செல்லுங்கள். இல்லையென்றால் உங்கள் இருவருக்கும் சந்தாச் சேவையே பொருந்தும் என்பது என் முடிவு.

பிக்சிசெட், பிக்-டைம், ஷூட்புரூஃப், ஸ்மக்மக், சென்ஃபோலியோ என்று இத்துறையில் பெயர்கள் பல. அவற்றின் முகப்பு அழகைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். எல்லாமே அழகாகத்தான் இருக்கும். வாடிக்கையாளர் தேர்வு செய்யும் இடத்தில்தான் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு தெரியும். கணக்குத் தொடங்கச் சொல்லி வற்புறுத்தாமல், இணைப்பைத் தொட்டவுடன் படங்கள் விரிகின்றனவா? பாதியில் மூடிவிட்டு மறுநாள் வேறொரு கைப்பேசியில் திறந்தால் முந்தைய தேர்வு அப்படியே இருக்கிறதா? தம்பதியர் இருவரும் தனித்தனியே தேர்ந்தெடுத்தால் பட்டியல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் வருகின்றனவா? ஆல்பத்துக்கு 120 படங்கள் என்று பேசியிருந்தால், 121-ஆவது படத்தைத் தொடும்போது மென்பொருளே தடுத்துச் சொல்கிறதா? இந்தக் கடைசி வசதி சிறியதாகத் தோன்றும். எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லி வாடிக்கையாளரிடம் மன்றாடியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இவை எல்லாவற்றையும் விட நான் முதலில் பார்ப்பது கோப்புப் பெயரை. நீங்கள் வைத்த பெயரைச் சேவை மாற்றாமல் வைத்திருந்து, தேர்வுப் பட்டியலை அதே பெயர்களுடன் உரையாகத் தர வேண்டும். அந்தப் பட்டியலை, படங்களை அடுக்கித் திருத்தும் லைட்ரூம் மென்பொருளின் வடிகட்டியில் ஒட்டினால் தேர்வான படங்கள் அனைத்தும் ஒரு நொடியில் முன்னே வந்து நிற்கும். நான் முன்பு பயன்படுத்திய ஒரு சேவை ஏற்றிய படங்களுக்கெல்லாம் தானே புதுப் பெயர் சூட்டிவிட்டது. ஒரு வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த 140 படங்களையும் கண்ணால் பார்த்துப் பார்த்துப் பொருத்த எனக்கு இரண்டு இரவுகள் பிடித்தன. அதன் பிறகு எந்தச் சேவையிலும் இதைச் சோதிக்காமல் நான் அட்டை எண்ணைக் கொடுப்பதில்லை.

நிறத்தைப் பற்றி ஒரு சொல்: இணையத்துக்கான படங்களை, திரைகளுக்கான பொது நிற அளவுகோலான எஸ்ஆர்ஜிபி நிறவெளியிலேயே ஏற்றுமதி செய்யுங்கள். அதைவிட விரிந்த அடோபி ஆர்ஜிபி நிறவெளியில் ஏற்றிய படத்திலிருந்து சேவை நிறத் தகவலை நீக்கிவிட்டால் முகங்கள் சோகை பிடித்தவைபோல் வெளிறித் தெரியும்.

திருட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். திரையில் தெரியும் எதையும் திரைப்பிடிப்பு செய்துவிடலாம். வலச் சொடுக்கைத் தடுக்கும் வசதி பாமரரை மட்டுமே தடுக்கும், அதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். உண்மையான காவல் படத்தின் அளவில் இருக்கிறது. 2,048 பிக்சல் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் அச்சிட்டால் 7 அங்குலம்கூட வராது. பணம் முழுவதும் வரும்வரை அதற்கு மேல் திறந்துவிடாதீர்கள். வாட்டர்மார்க்கை மூலக் கோப்பில் பதிக்காமல், கேலரியே காட்சிக்கு மட்டும் இடும்படி அமையுங்கள். இல்லையென்றால் பின்னர் அதே படங்களை மீண்டும் ஏற்ற நேரும். பதிப்புரிமை விவரத்தைப் படத்தின் மெட்டாடேட்டாவில் (கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் குறிப்புகளில்) எழுதி, ஏற்றிய பிறகு ஒரு படத்தைப் பதிவிறக்கி அது அழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அதே மெட்டாடேட்டாவில் கேமராவோ கைப்பேசியோ பதிந்த இடக் குறிப்பு இருந்தால், அது மட்டும் நீக்கப்பட்டிருக்க வேண்டும். ஒருவர் வீட்டில் எடுத்த படம் அந்த வீட்டின் இருப்பிடத்தைச் சுமந்துகொண்டு ஊர் சுற்றக் கூடாது.

பள்ளி விழாப் படங்களில் இன்னும் கண்டிப்பு வேண்டும். அங்கே உங்களுக்குப் பணம் தருபவர் ஒருவர், படத்தில் இருப்பவர்களோ நூற்றுக்கணக்கான குழந்தைகள். "இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கலாம்" என்பது பூட்டு ஆகாது. இணைப்பு ஒரு குழுவில் பகிரப்பட்ட அடுத்த நிமிடமே அது எல்லோருக்கும் திறந்த கதவுதான். தனிப் படங்களுக்கு ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு குறியீடு தந்து, அந்தப் பெற்றோர் தம் குழந்தையின் படத்தை மட்டும் பார்க்கும்படி பிரிக்கும் வசதி சில சேவைகளில் உண்டு. பள்ளி வேலைகளை நீங்கள் தொடர்வதாக இருந்தால் அந்த வசதி இல்லாத சேவையை விட்டுவிடுங்கள். முகத்தை வைத்துப் படம் தேடும் வசதி திருமண வீட்டாரிடம் பெரும் வரவேற்பைப் பெறும், ஆனால் முக அடையாளத்தைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய தகவலாகக் கருதும் சட்டங்கள் உள்ளன. 2018 மே முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகள் அவற்றில் ஒன்று. குழந்தைகளின் படங்களில் அந்த வசதியை அணைத்தே வையுங்கள். தேடுபொறிகள் கேலரியைப் பட்டியலிடாமல் தடுக்கும் அமைப்பையும் முதல் நாளே போட்டுவிடுங்கள்.

விலையில் சந்தாத் தொகையோடு விற்பனைத் தரகையும் பார்க்க வேண்டும். மலிவான திட்டங்கள் பலவற்றில், கேலரி வழியாக நீங்கள் விற்கும் ஒவ்வொரு அச்சுப் பிரதியிலும் ஒரு பங்கைச் சேவை எடுத்துக்கொள்ளும். ஒரு திட்டத்தில் தரகு நூற்றுக்குப் பதினைந்து என்றும், தரகே இல்லாத மேல்திட்டத்துக்கு ஆண்டுக்கு 300 கூடுதல் என்றும் வைத்துக்கொண்டால், ஆண்டு விற்பனை 2,000-ஐத் தாண்டும்போதுதான் மேல்திட்டம் லாபம். படத்தை ஒப்படைப்பதோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை.

எந்தச் சேவையானாலும் உங்கள் சொந்த டொமைன் பெயரின் கீழ் கேலரியை இயக்க அனுமதிக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சேவையின் முகவரியிலேயே இணைப்புகளைக் கொடுத்துப் பழகிவிட்டால், நீங்கள் வெளியேறும் நாளில் வாடிக்கையாளரிடம் உள்ள எல்லா இணைப்புகளும் செத்துவிடும். உங்கள் பெயரில் இருந்தால், புதிய இடத்துக்கு அதே பெயரைத் திருப்பிவிட்டு, பழைய கேலரிக்கு வருபவர்களுக்கு உங்கள் அறிவிப்பையாவது காட்டலாம்.

இரண்டு சேவைகளைத் தேர்ந்துகொண்டு, இலவசச் சோதனைக் காலத்தில் முடிந்துபோன ஒரு நிகழ்வின் 800 படங்களையும் இரண்டிலும் ஏற்றுங்கள். பத்துப் படங்களை ஏற்றிப் பார்ப்பது சோதனை ஆகாது. கைப்பேசியில் அவ்வளவாகப் பழகாத ஒரு பெரியவரிடம் இணைப்பைக் கொடுத்து, 20 படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டு, வாய் திறக்காமல் அருகில் இருந்து பாருங்கள். பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்: எண்ணிக்கை சரியா, கோப்புகளின் அளவு நீங்கள் ஏற்றியபோது இருந்ததேதானா, தேர்வுப் பட்டியலும் கூடவே வந்ததா என்று ஒப்பிடுங்கள். உதவிப் பிரிவுக்கு ஒரு கேள்வி அனுப்பி, பதில் எத்தனை மணி நேரத்தில் வருகிறது, அதை எழுதியவர் உங்கள் கேள்வியைப் படித்தாரா என்பதையும் கவனியுங்கள்.

கால வரம்பை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதமோ ஓர் ஆண்டோ கேலரி திறந்திருக்கும், அதன்பின் மூடப்படும், மீண்டும் திறக்க இவ்வளவு கட்டணம் என்று இரண்டு வரிகள் போதும். மூடுவதற்கு ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் தானாக மின்னஞ்சல் அனுப்பும் வசதி பல சேவைகளில் இருக்கிறது. தற்போது கூகுள் டிரைவில் திறந்து கிடக்கும் பழைய இணைப்புகளுக்கும் இதே முறையில் நாள் குறித்து, உரியவர்களுக்குத் தெரிவித்துவிட்டு, பள்ளி விழா ஆல்பங்களிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வாருங்கள்.